நித்தியகல்யாணி: சுடுகாட்டுப் பூவின் சரித்திரம்

ஒரு செடிக்குப் பல பெயர்கள் வழங்குவது தமிழுலகில் புதிதன்று. ஆனால், ஒன்றுக்கொன்று முற்றும் மாறான இரண்டு பெயர்களை ஒரே செடிக்குச் சூட்டி, இரண்டையும் ஒருங்கே வழங்கிவரும் விந்தையை நித்தியகல்யாணியினிடத்தே நாம் காண்கிறோம். என்றும் மங்கலமாயிருப்பது என்னும் பொருள்பட அதனை நித்தியகல்யாணி என்பர் ஒரு சாரார். அதே செடியைச் சுடுகாட்டு மல்லி என்று கூறி முகஞ்சுளிப்பர் மற்றொரு சாரார். மலையாள நாட்டில் இதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று பிணநாற்றத்தைக் குறிப்பது. இன்னொன்று சவக்கோட்டைப் பச்சை என்பது. மலாய் மக்களோ இதனைக் கெமுந்திங் சீனா என்று வழங்குவர். ஆண்டு முழுவதும் ஓயாது பூத்துக் குலுங்கும் இம்மலரைக் கூந்தலில் சூடுவார் அரியர். மணப்பந்தலில் வைப்பார் அதனினும் அரியர். வீட்டு முற்றத்தில் தானே முளைத்தாலும், ஆகாது என்று பிடுங்கி எறியும் குடும்பங்கள் நம்மவரிடையே இன்றும் உண்டு.

மக்கள் ஒரு பொருளை இகழ்வதற்கும் புகழ்வதற்கும் காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணம் எத்தகையது, எப்போது தோன்றியது என்று ஆராய்ந்து காண்பதே சரித்திரத்தின் வேலை. நித்தியகல்யாணியின் சரித்திரத்தை அவ்வாறு ஆராயப் புகுவார்க்கு, பெயர்க்காரணத்தினும் பெரிதான வேறொரு செய்தி வெளிப்படுகின்றது. இரத்தப்புற்று நோய்க்கு ஆளான குழந்தைகள் பிழைப்பதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் மருந்துகளுள் ஒன்று இச்செடியின் இலையிலிருந்தே பிறந்தது. இடுகாட்டுக்கு உரியதென்று நாம் ஒதுக்கிய பூவே, எண்ணிறந்த குழந்தைகளை இடுகாட்டுக்குச் செல்லவொட்டாமல் தடுத்திருக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயகம்

நித்தியகல்யாணியின் தாயகம் நம் நாடன்று. இந்துமகா சமுத்திரத்தில், ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே கிடக்கும் மடகாஸ்கர் என்னும் பெருந்தீவே அதன் பிறப்பிடம். இச்செடியின் இனத்தைச் சார்ந்தவை மொத்தம் எட்டு வகை என்பர் தாவர சாஸ்திரிகள். அவற்றுள் ஏழு வகை மடகாஸ்கருக்கே உரியவை. எஞ்சிய ஒன்று மட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது; சிறிய வெண்ணிறப் பூக்களையுடைய எளிய பூண்டு அது. நம் தோட்டங்களில் இளஞ்சிவப்பாகவும், தூய வெள்ளையாகவும், வெள்ளையின் நடுவே செம்பொட்டு இட்டதாகவும் பூக்கின்ற செடி மடகாஸ்கரிலிருந்து குடியேறியதாகும்.

மணலும் கல்லும் விரவிய நிலத்திலும், வெயில் காயும் வெளிகளிலும் வளர்ந்து பழகிய செடி இது. அங்ஙனம் வளர்வதற்குரிய உடலமைப்பு இதற்கு உண்டு. ஆணிவேர் கல்லிடுக்குகளின் வழியே கீழிறங்கி, மேல்மண் காய்ந்த பின்னரும் அடியில் எஞ்சிய ஈரத்தைத் தேடிப் பருகும். இலையின் மேற்புறம் மெழுகு பூசியது போன்று பளபளப்பாயிருக்கும். அம்மெழுகு இலையிலுள்ள நீர் வீணே ஆவியாகிப் போகாமல் காக்கின்றது. உச்சிவெயிலில் இலைகள் சற்றே தளர்ந்து துவளும். மாலையில் மறுபடியும் நிமிரும். இலையும் தண்டும் வேரும் கடுங்கசப்பு. ஆகவே, பச்சையென்று எதைக் கண்டாலும் மேயும் ஆடுங்கூட இதனைத் தீண்டுவதில்லை. இரட்டை இரட்டையாகக் காய்க்கும் மெல்லிய காய்கள் முதிர்ந்து வெடிக்குங்கால், கறுத்த சிறு விதைகள் பல உதிர்ந்து, சுவரின் காரை வெடிப்பிலும் படிக்கட்டின் சந்திலும் தாமே முளைத்துக்கொள்ளும். வெயிலும் வறட்சியும் பிற பூச்செடிகளைக் கருக்கிவிடும் காலத்தில், இது மட்டும் பூத்து நிற்பதன் மர்மம் இதுவேயாகும்.

கப்பலேறிய விதை

மடகாஸ்கர் மக்கள் இச்செடியின் கசப்பை நெடுங்காலமாக அறிந்து மருந்தாகக் கையாண்டு வந்தனர். அச்செய்தியை ஐரோப்பியர்க்கு முதன்முதல் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் எத்தியேன் தெ ஃபிளாகூர் என்னும் பிரெஞ்சுக்காரர். இவர் 1648 முதல் 1655 வரையில் அத்தீவின் தென்கிழக்கு மூலையிலிருந்த பிரெஞ்சுக் கோட்டையின் அதிகாரியாயிருந்தவர். தாம் அங்கே கண்டவற்றைத் தொகுத்து, 1658-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். மல்லிகையை ஒத்த பூவும் கசப்பான வேரும் உடைய ஒரு செடியைப் பற்றிய குறிப்பு அந்நூலிலே காணப்படுகின்றது. அது நித்தியகல்யாணியே என்பது பிற்கால ஆராய்ச்சியாளரின் முடிபு.

அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த விதைகள் பாரிஸிலிருந்த அரசர் தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து சில விதைகள் லண்டன் மாநகரை அடுத்த செல்சி மருந்துத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. அத்தோட்டத்தின் தலைமை வகித்த பிலிப் மில்லர் என்பார் அவற்றைப் பயிரிட்டுப் பூக்கச் செய்தார். 1759-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ் இச்செடிக்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். வின்கா என்பது ஐரோப்பாவில் வளரும் வேறொரு நீலப்பூச் செடி. இரண்டும் ஒரே இனத்தன அல்ல என்பது பின்னரே தெளிவாயிற்று. ஸ்காட்லாந்துத் தாவர சாஸ்திரியான ஜார்ஜ் டான் என்பவர் 1837-இல் இதற்குக் காதராந்தஸ் ரோசியஸ் என்னும் இப்போதைய பெயரை உறுதிப்படுத்தினார். தூய மலர் என்பது காதராந்தஸ் என்னும் கிரேக்கச் சொற்றொடரின் பொருள். நம்மவர் தீட்டென்று கருதிய பூவுக்கு மேனாட்டார் தூய்மையையே பெயராக்கினர் என்பது நினைந்து இன்புறற்பாலது.

எனினும், மேனாட்டாரும் இவ்வகை நம்பிக்கைகளுக்கு விலக்கானவர் அல்லர். மேலே கூறிய ஐரோப்பிய வின்காச் செடிக்கு இத்தாலி நாட்டில் இறந்தோர் மலர் என்றே ஒரு பெயர் உண்டு. மரித்த சிறு குழந்தைகளுக்கு அதன் கொடியை மாலையாக வளைத்துச் சூட்டுவது அந்நாட்டுப் பழைய வழக்கம்.

சுடுகாட்டுக்குச் சென்றது எவ்வாறு?

ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்காகப் பேணப்பட்ட செடி, கப்பல் செல்லும் இடமெல்லாம் தானும் சென்றது. ஆசியா, ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய வெப்பநாடுகள் அனைத்திலும் குடியேறிற்று. பேணுவாரின்றியும் பிழைத்துப் பெருகும் தன்மை அதற்கு இருந்தமையால், தோட்டத்தின் வேலியைத் தாண்டித் தரிசு நிலத்திலும் கடலோர மணலிலும் தன்னிச்சையாகப் பரவிற்று.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். சங்கப் புலவராகிய கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறியுள்ளார் என்பது யாவரும் அறிந்தது. அப்பட்டியலில் நித்தியகல்யாணிக்கு இடமில்லை, இருக்கவும் இயலாது. நம் நாட்டுக்கு இச்செடி வந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. அவ்வாறாயின், இதனை அமங்கலம் என்று விலக்கும் விதி எந்தப் பழைய நூலில் இருத்தல் கூடும்? எந்த முனிவர் இதனைக் கண்டு தீட்டு விதித்தார்? ஊரில் இல்லாத செடிக்கு விலக்கு எழுதி வைத்தவர் எவரும் இரார். ஆகவே, ஆதிகாலந்தொட்டு வருவது என்று நம் பாட்டிமார் சொல்லும் இவ்விலக்கு, மிக அண்மைக்காலத்தில் யாரோ ஒருவர் கண்டு சொல்லப் பலரும் ஒப்பிச் சொன்ன வழக்கேயன்றி வேறில்லை.

வழக்குத் தோன்றிய காரணத்தை ஊகித்தலும் அரிதன்று. இடுகாடும் சுடுகாடும் பெரும்பாலும் ஊர்ப்புறத்துக் கரம்பிலும் கற்பாங்கான மேட்டிலுமே அமைகின்றன. உழவுக்கு உதவும் நல்ல நிலத்தை எவரும் அதற்கு விடுவதில்லை. அங்கே நாள்தோறும் நீர் ஊற்றுவாரில்லை; ஆடுமாடு புகாமல் காப்பாரில்லை. அத்தகைய நிலத்தில் மல்லிகையும் ரோஜாவும் ஒரு வாரமும் தாங்கா. நித்தியகல்யாணியோ அங்கேயும் செழித்துப் பூத்தது. இறந்தாரின் நினைவாக ஏதேனும் ஒரு பூச்செடி நட விரும்பினோரும், நட்டபின் கவனியாது விட்டாலும் பட்டுப்போகாத இதனையே தேர்ந்திருத்தல் இயல்பு. மற்றெல்லாச் செடிகளும் கைவிட்ட இடத்தில் இது துணைநின்றது. அத்துணைக்கு நாம் கொடுத்த பரிசு, சுடுகாட்டு மல்லி என்னும் பெயர். கல்லிலும் வெயிலிலும் பிழைக்கும் ஆற்றல் ஒன்றே அதன் குற்றம்!

இருபத்தைந்து இலைகள்

நிற்க. உலகெங்கும் பரவிய நித்தியகல்யாணியைப் பல நாட்டு எளிய மக்கள் மருந்தாகவும் பயன்படுத்தலாயினர். மேற்கிந்தியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களில் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவு நோய்க்குப் பருகினர். கடல்களால் பிரிக்கப்பட்ட நாட்டார் பலரும் ஒரே நோய்க்கு ஒரே இலையைத் தேடியமை அறிஞரின் கருத்தைக் கவர்ந்தது.

1952-ஆம் ஆண்டில், கனடா நாட்டு வைத்தியராகிய கிளார்க் நோபிள் என்பவருக்கு ஜமைக்கா தீவிலிருந்து ஓர் உறை வந்தது. அதனுள் நித்தியகல்யாணியின் இலைகள் இருபத்தைந்து இருந்தன. அத்தீவு மக்கள் நீரிழிவுக்கு அருந்தும் தேநீர் இதிலிருந்து செய்வது என்னும் செய்தியும் உடன் வந்தது. கிளார்க் நோபிளுக்கு நீரிழிவு ஆராய்ச்சி புதிதன்று. 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட டொராண்டோ சர்வகலாசாலையில், பான்டிங் என்னும் அறிஞருக்கு உதவியாளராக முதலில் செல்வது பெஸ்டா, நோபிளா என்று காசு சுண்டிப் பார்த்ததாகவும், பெஸ்ட் என்பவர் வென்று அழியாப் புகழ் பெற்றதாகவும் கூறுவர். அன்று தோற்ற நோபிள், முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் கைக்கு வந்த இலைகளைத் தம் உடன்பிறந்தாராகிய ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். ராபர்ட், மேற்கு ஒன்டாரியோ சர்வகலாசாலையின் மருத்துவ ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்து வந்தவர்.

ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்திலிருந்த சர்க்கரை சிறிதும் குறையவில்லை. நீரிழிவைப் பற்றிய வரையில் சோதனை தோல்வியே. ஆயினும், அவர் அத்துடன் விட்டாரில்லை; சாற்றை ஊசிவழியே எலிகளின் உடலிற் செலுத்தினார். எலிகள் சில நாட்களில் நோய்க்கிருமிகளுக்கு இரையாகி மடிந்தன. ஏன் மடிந்தன என்று ஆராய்ந்தபோது, இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்துபோயிருப்பதும், அவ்வணுக்களைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சை நலிந்திருப்பதும் தெரியவந்தன.

வேறொருவராயின், இது நஞ்சு என்று குறித்துவிட்டு இலைகளைக் குப்பையில் கொட்டியிருப்பார். நோபிளின் அறிவு வேறு வழியிற் சென்றது. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், அவ்வணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதனால் உண்டாகும் இரத்தப்புற்றுக்கு மருந்தாகக் கூடுமன்றோ என்று அவர் எண்ணினார். 1954-இல் சார்ல்ஸ் பியர் என்னும் ரசாயன நிபுணர் அவருடன் சேர்ந்தார். மூட்டை மூட்டையாக இலைகளைக் காய்ச்சி வடித்து, அவற்றினின்று இம்மியளவாகக் கிடைத்த சத்தைப் பியர் தனியே பிரித்தெடுத்தார். அதுவே பின்னர் வின்பிளாஸ்டின் எனப் பெயர் பெற்றது. 1958-ஆம் ஆண்டில் நியூயார்க் விஞ்ஞானக் கழகத்தின் வாயிலாக அவர்கள் தம் முடிவை வெளியிட்டபோது, எதிர்பாராத காட்சிகள் மருத்துவத்தில் வகிக்கும் இடம் என்னும் கருத்தையே தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினர். தற்செயலாய்க் கிடைத்ததைத் தம் மதிநுட்பத்தால் அறிந்துகொண்டதாகத் தம்பட்டம் அடியாத அவர்தம் நேர்மை போற்றுதற்குரியது.

குழந்தைகளின் மருந்து

அக்காலத்திலேயே, அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரிலுள்ள எலை லில்லி என்னும் மருந்துக் கம்பெனியிலும் கார்டன் ஸ்வபோடா என்னும் அறிஞர் இதே செடியைச் சோதித்து வந்தார். அவருக்கும் நாட்டு மக்களின் நீரிழிவுக் கஷாயமே வழிகாட்டிற்று. இரத்தப்புற்று உண்டாக்கப்பட்ட சுண்டெலிகள், இச்செடியின் சாற்றைப் பெற்றபின் நெடுநாள் உயிர்வாழ்ந்தன. அவ்வாராய்ச்சியின் பயனாக வின்பிளாஸ்டினோடு வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு சத்தும் வெளிப்பட்டது. வின்கிரிஸ்டினை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் மருந்தாக ஏற்றுக்கொண்டது. இரண்டு மருந்துகளின் பெயரிலும் வின் என்னும் முதலெழுத்துக்கள், லின்னேயஸ் இட்ட வின்கா என்னும் பழைய பெயரை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன.

இம்மருந்துகள் வேலைசெய்யும் முறை வியக்கத்தக்கது. உடலிலுள்ள உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே நுண்ணிய இழைகள் தோன்றி, பரம்பரைப் பொருளை இரு கூறாக்கி இரு பக்கமும் இழுத்துச் செல்லும். நித்தியகல்யாணியின் சத்து அவ்விழைகள் உருவாகாதபடி தடுத்துவிடும். இழையின்றிப் பிரிவு நிகழாது. பிரிய முடியாத அணு மடிந்துபோகும். புற்றணுக்கள் ஓயாது பிரிந்து பெருகுவன ஆதலின், இத்தடை அவற்றையே மிகுதியாகத் தாக்குகின்றது.

1960-ஆம் ஆண்டுக்கு முன்னர், இரத்தப்புற்று என்று வைத்தியர் கூறிவிட்டால், அக்குழந்தையின் பெற்றோருக்கு நம்பிக்கை வைக்க இடமேயில்லை. சில மாதங்களில் முடிவு வந்துவிடும். வின்கிரிஸ்டினை ஏனைய மருந்துகளோடு சேர்த்து முறைப்படி கொடுக்கத் தொடங்கிய பின்னர் அந்நிலை மாறிற்று. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப்புற்று வகையில், செல்வ நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். வேறொரு புற்றுவகையாகிய ஹாட்ஜ்கின் நோய்க்கு வின்பிளாஸ்டின் பேருதவி புரிந்தது. உலக சுகாதார ஸ்தாபனம், எந்நாட்டு வைத்தியசாலையிலும் இருந்தே தீரவேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்திருக்கின்றது. இவ்வெற்றி நித்தியகல்யாணி ஒன்றனால் மட்டும் விளைந்ததன்று. பல மருந்துகளும், பல அறிஞரின் பல்லாண்டு உழைப்பும் கூடி விளைந்தது. ஆனால், அக்கூட்டத்தில் நித்தியகல்யாணிக்கு முன்வரிசையில் இடமுண்டு.

கரிசல் நிலத்து உழவர்

இம்மருந்துச் சத்துக்கள் செடியில் இருப்பது மிகமிகச் சிறிதளவே. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெறுவதற்கு உலர்ந்த இலை ஏறக்குறைய 500 கிலோ வேண்டும் என்றும், வின்கிரிஸ்டினுக்கு அதனினும் பன்மடங்கு வேண்டும் என்றும் கணக்கிட்டிருக்கின்றனர். இதற்குக் காரணம் உண்டு. வின்பிளாஸ்டின் இரண்டு கூறுகள் இணைந்து ஆவது. ஒரு கூறு இலையின் மேலுள்ள மெழுகில் இருக்கின்றது. மற்றொன்று இலையின் உள்ளே உயிரணுக்களில் இருக்கின்றது. இரண்டும் அருகருகே இருந்தும் எளிதிற் சந்திப்பதில்லை. இவ்வுண்மை 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 2022-ஆம் ஆண்டில், அவ்விரு கூறுகளையும் ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் உதவியால் உண்டாக்கி, பின்னர் ஒன்றுசேர்த்து வின்பிளாஸ்டினாக்கும் வழியையும் அறிஞர் கண்டனர்.

இத்துணை இலை எங்கிருந்து வரும்? இங்கேதான் தமிழ்நாட்டின் தொடர்பு வருகின்றது. இராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய வறண்ட பகுதிகளில், மழையை மட்டும் நம்பிய நிலங்களில், நித்தியகல்யாணி பயிராகவே விதைக்கப்பட்டு வந்திருக்கின்றது. விதைத்த ஆறாம் மாதத்தில் ஒருமுறையும் ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறையும் இலையைப் பறிப்பர். ஓராண்டு முடிவில் செடியையே வேரோடு பிடுங்கி, இலை, தண்டு, வேர் மூன்றையும் வெவ்வேறாக உலர்த்துவர். வேரிலிருந்து இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கு உதவும் வேறொரு சத்தை எடுப்பதுண்டு. லக்னோ நகரிலுள்ள மத்திய மருந்துச் செடி ஆராய்ச்சி நிலையத்தார் நிர்மல், தவல் என்னும் வெண்பூ வகைகளை உழவர்க்கென்று தேர்ந்தெடுத்து வழங்கினர். நெல்லும் கரும்பும் விளையாத நிலத்தில், ஆடும் தின்னாத ஒரு செடி உழவர்க்குக் கைகொடுத்தது. சுடுகாட்டு மல்லி என்று வாய்கூசாமல் இகழும் சமூகத்திலேயே, அதனை நட்டு உண்டு வாழும் குடும்பங்களும் இருக்கின்றன.

யாருக்கு உரியது?

ஒரு செடியின் மருந்தினால் கம்பெனிகள் பெருஞ்செல்வம் ஈட்டின. அச்செடி பிறந்த மடகாஸ்கரோ உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாயிருக்கின்றது. ஈட்டிய செல்வத்தில் அந்நாட்டுக்குப் பங்கு கிடைக்கவில்லை. இது நீதியோ என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானது, விடை எளிதன்று. ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த இலைகள் ஜமைக்காவிலிருந்து வந்தவை. நீரிழிவுக்கு அருந்தும் வழக்கம் பல நாட்டாருடையது. அவ்வழக்கமும் நீரிழிவை அன்றி, எவரும் எதிர்பாராத வேறொரு நோயையே காட்டிக்கொடுத்தது. செடியோ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எல்லா நாட்டு மண்ணிலும் வேரூன்றிவிட்டது. இவர்களுள் எவருக்கு எவ்வளவு என்று பங்கிட எத்தராசு உதவும்?

ஆயினும், இக்கேள்வி வீண்போகவில்லை. 1992-ஆம் ஆண்டில் பிரேஸில் நாட்டு ரியோ நகரில் உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட உயிர்ப்பன்மை உடன்படிக்கையில், ஒரு நாட்டின் செடிகொடிகள்மேல் அந்நாட்டுக்கு உரிமையுண்டு என்றும், அவற்றால் வரும் பயனை முறையாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2010-இல் நகோயா நகரில் உருவான ஒப்பந்தம் அதற்கு வகைமுறைகளை வகுத்து, 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாதங்கள் நிகழ்ந்தபோதெல்லாம் மடகாஸ்கரின் இச்சிறு செடி உதாரணமாக எடுத்துக் காட்டப்பெற்றது. மடகாஸ்கரின் காடுகள் எரிக்கப்பட்டு அழிந்து வருகின்றன. நித்தியகல்யாணியின் உறவினமாகிய செடிகளும் அவற்றோடு குறைந்து வருகின்றன. இருபத்தைந்து இலைகளில் இத்துணைப் பொருள் அடங்கியிருக்குமாயின், எவரும் பாராமலே எரிந்த காடுகளில் என்னென்ன அடங்கியிருந்தனவோ!

மலாய் நாட்டில் வளர்க்கும் முறை

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர் இதனை வளர்க்க விரும்பின், ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இதற்கு வறட்சி பகையன்று. தேங்கிய நீரே பகை. சிங்கப்பூரில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. களிமண்ணில் நட்டால் வேர் அழுகி, தண்டு கறுத்து, செடி ஒரே வாரத்தில் மாய்ந்துவிடும். ஆதலால், சிறுகற்களையும் ஆற்றுமணலையும் பாதிக்குப் பாதி மண்ணுடன் கலந்து, தரைமட்டத்தினின்று ஒரு சாண் உயர மேடாக்கி, அதன்மேல் நடுக. தொட்டியாயின் அடியில் துளைகள் தாராளமாக இருத்தல் வேண்டும். விதைகள் இருட்டில் முளைக்கும் இயல்புடையன. ஆகவே, மெல்லிய மண்போர்வை இட்டு மூடுதல் அவசியம். நாற்று நான்கைந்து இலை விட்டபின் நல்ல வெயிலுள்ள இடத்துக்கு மாற்றுக. நிழலில் வைத்தால் தண்டு நீண்டு பூக்குறையும். வேர் பிடித்தபின், மண் நன்கு காய்ந்த பிறகன்றி நீர் விடற்க. விடும்போதும் இலைமேல் தெளியாது அடியில் விடுக. உரம் மிகுந்தால் இலை மலிந்து பூ அருகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இச்செடிக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அடுக்குமாடி வீட்டின் வெயில் கொதிக்கும் மாடத்திலும், கப்பிக்கல் பரப்பிய வாயிலிலும், வேறெதுவும் நிலைக்காத இடத்தில் இது நிலைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. புற்றுநோய்க்கு மருந்து என்று கேள்வியுற்று, இலையை அரைத்துக் குடிக்க எவரும் துணிதல் கூடாது. பச்சிலையில் நூற்றுக்கு மேற்பட்ட சத்துக்கள் கலந்து கிடக்கின்றன; அவற்றுள் நஞ்சும் உண்டு. சத்தைப் பிரித்து, அளந்து, சோதித்த பின்னரே அது மருந்தாயிற்று. பிரித்தெடுத்த வின்கிரிஸ்டினும் நரம்பு தளரச் செய்யும் வன்மையுடையது. இரத்தநாளத்தில் செலுத்த வேண்டிய அதனைத் தவறி முதுகந்தண்டு நீரில் செலுத்தினால் உயிருக்கே உலைவைக்கும். ஆகவே, வைத்தியசாலையில் தேர்ந்தவர் கையிலேயே அது இருத்தற்குரியது. குழந்தைக்கு நோயென்று தெரிந்ததும் மந்திரித்த கயிற்றையும் பச்சிலைச் சாற்றையும் நம்பி நாள்கடத்துவது, கிடைத்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தையை இழப்பதாக முடியும்.

நாட்டு மக்களின் வழக்கறிவும், அதனைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியறிவும் ஒன்றையொன்று தழுவியபோது மருந்து பிறந்தது. வழக்கத்தை அப்படியே நம்பியிருந்தால் நீரிழிவுக் கஷாயத்தோடு கதை முடிந்திருக்கும். மூடர் வழக்கம் என்று முற்றும் தள்ளியிருந்தாலோ அந்த உறையைப் பிரித்துப் பார்ப்பாரே இருந்திரார். நம்மிடையே வழங்கும் நம்பிக்கைகளையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். இது ஆகும், அது ஆகாது என்று ஒருவர் சொன்னால், எப்போது முதல், எதனால் என்று கேட்கும் துணிவு நம் இளைஞர்க்கு வருதல் வேண்டும். அக்கேள்விக்கு முன் நில்லாத விலக்குகள் செடியின்மேல் மட்டுமன்றி, மனிதர்மேலும் எத்தனையோ சுமத்தப்பட்டிருக்கின்றன.

வாசகர்கள் தத்தம் வாயிலில் ஒரு நித்தியகல்யாணியை நட்டு வளர்ப்பாராக. அண்டை வீட்டார் சுடுகாட்டுப் பூவை ஏன் வைத்தீர் என்று கேட்டால், இவ்வரலாற்றைச் சொல்லி, விதை முதிர்ந்ததும் அவருக்கும் ஒரு பிடி கொடுப்பாராக.